கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி

கண்ணில் கட்டி என்றால் நம் மதுரைப் பக்கம் இமையோரம் வரும் கண்கட்டிதான் நினைவுக்கு வரும். நாமக்கட்டியை இழைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். அதுவும் பெரும்பாலும் தானே அமுங்கிவிடும். நான் சொல்ல வந்தது வேறு: முழி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிக்குள் வளரும் கட்டி. அபூர்வம்தான். அதனாலேயே பலர் நாமக்கட்டியில் நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

குழி சின்னது

கண்குழிக்குள் ஏறக்குறைய 30 மி.லி. இடம், ஆறு டீஸ்பூன் அளவு. முழிக்கே 7 மி.லி. போய்விடும். மீதியில் நரம்பு, தசை, கொழுப்பு, கண்ணீர்ச் சுரப்பி. சுற்றிலும் எலும்பு, வாசல் முன்பக்கம் மட்டும். உள்ளே எது வளர்ந்தாலும் முழி பிதுங்கித்தான் ஆக வேண்டும். நரம்பை ஒட்டிய கட்டி நேராக முன்னே தள்ளும். மேல் ஓரத்துக் கண்ணீர்ச் சுரப்பியில் வந்தால் முழி கீழே, மூக்குப் பக்கம் இறங்கும். பார்ப்பது இரண்டாகத் தெரியலாம்.

கல்யாண ஆல்பத்தை எடுங்கள்

மருத்துவர் நோயாளியின் பின்னால் நின்று, நெற்றிக்கு மேலிருந்து இரண்டு கண்ணையும் எட்டிப் பார்ப்பார். வீட்டிலும் பார்க்கலாம். இரண்டுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காட்டிவிடுவது நல்லது. போகும்போது பழைய போட்டோ ஒன்றைக் கொண்டு போங்கள். பிதுக்கம் புதிதா, பிறவியிலேயே முகவாகா என்பது அதில் தெரிந்துவிடும்.

பிதுங்கியதெல்லாம் கட்டி அல்ல. பெரியவர்களுக்குத் தைராய்டு கோளாறுதான் முதல் காரணம். அதனால் ரத்தப் பரிசோதனையும் உண்டு. எலும்பைப் பார்க்க சி.டி., நரம்பையும் தசையையும் பார்க்க எம்.ஆர்.ஐ.

பிள்ளைக்கு என்றால்

விளையாடும்போது பந்து பட்டிருக்கும் என்று விட்டுவிடுவோம். ஆனால் பிள்ளைகளுக்கு வரும் ராப்டோமயோசார்கோமா என்ற புற்று சில நாட்களிலேயே கண்ணைத் தள்ளிவிடும். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். கத்தி பட்டால் பரவும் என்ற பயத்தில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஒரு காலத்தில் கண்குழியையே வழித்தெடுத்தார்கள். இப்போது கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தே பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்றுகிறார்கள்.

நடுவயதில் வரும் ரத்தக்குழாய்க் கட்டி புற்று அல்ல. பார்வையைக் கெடுக்காதவரை கண்காணித்தாலே போதும். கெடுத்தால் முழுசாக எடுத்துவிடலாம்.

எங்கே காட்டுவது?

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இன்று கண்குழிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனையும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு போய், எது எது அதில் அடங்கும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.