ஓர் எழுத்து மாறினாலும் விசா நிற்கும்

போன ஆகஸ்டில் ஒரு மாணவி அப்பாவுடன் வந்து என் மேஜையில் பிளாஸ்டிக் ஃபைலைப் பிரித்தாள். இங்கிலாந்தில் எம்.எஸ்சி. சீட் உறுதி. முன்பணம் கட்டியாகிவிட்டது. வகுப்பு தொடங்க ஐந்து வாரம்தான் பாக்கி. அவள் பெயர் ‘லட்சுமி’ என்று முடியும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அதற்கு ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’ போட்டிருந்தார்கள், பாஸ்போர்ட்டில் ‘கே.எஸ்.எச்.’ சான்றிதழில் இனிஷியல் உண்டு. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடமே காலி. பணம் அப்பாவின் கணக்கில் இருந்தது. அந்த அப்பாவின் பெயரோ பிறப்புச் சான்றிதழில் ‘ன்’ என்று முடிய, வங்கிப் பாஸ்புக்கில் ‘ஷ்’ என்று முடிந்தது.

“எல்லாம் ஒரே ஆள்தானே சார்?” என்றார் அவர். ஒரே ஆள்தான். அதை விசா அதிகாரிக்குக் காட்ட அந்த ஃபைலில் ஒரு தாள்கூட இல்லை. அந்தப் பெண் அந்த ஆண்டு போகவில்லை.

இப்படிப்பட்ட ஃபைல்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்காக ஆறு மாதம் உழைக்கிற பிள்ளைகள், தங்கள் பெயர் எந்தத் தாளில் எப்படி இருக்கிறது என்று பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை. பெற்றவர்களும் சொல்வதில்லை. பள்ளியில் பெயர் எழுதிய எழுத்தரும் அன்றைக்குக் கவலைப்படவில்லை.

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். அதனால் சான்றிதழில் உள்ள உங்கள் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே ‘கிவன் நேம்’ இடத்தில் எழுதுங்கள்; இனிஷியலின் விரிவை, அதாவது அப்பா பெயரை, ‘சர்நேம்’ இடத்தில் எழுதுங்கள். காலியாக விடாதீர்கள். சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’, அதாவது ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அச்சாகும். அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று போகிற இடமெல்லாம் அந்த மூன்று எழுத்தும் கூடவே வரும்.

ஏற்கெனவே தவறாக எடுத்துவிட்டால் பாஸ்போர்ட் சேவா தளத்தில் ‘ரீ-இஷ்யூ’ பிரிவில் போய், சொந்த விவரங்களில் மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண வரிசையில் 1,500 ரூபாய்தான் கட்டணம். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என நான்கு மண்டல அலுவலகங்கள். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். போலீஸ் விசாரணை மறுபடி வரலாம், அதற்கும் நாள் வையுங்கள். இதைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடியுங்கள். அட்மிஷன் வந்த பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் எண்ணும் மாறும். பழைய எண்ணில் வந்த கடிதத்தையெல்லாம் திரும்ப வாங்க அலைய வேண்டும்.

தவறு மதிப்பெண் சான்றிதழிலேயே இருந்தால் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் சரியான பெயர் இருந்தால்தான் அந்த மனு நகரும். ஆகவே முதலில் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரையே மாற்றியவர்கள் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை வழியாகத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். அரசிதழில் வந்ததும் பழைய சான்றிதழ் தானாக மாறிவிடாது. இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும், அதனால் அரசிதழ்ப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். அப்பா பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் என்றால் வங்கிக்குப் போய்க் கே.ஒய்.சி. திருத்தம் செய்வதுதான் சுலபமான வழி. நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் துணைக்கு வரும். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

வங்கி என்றதும் இன்னொன்று. இங்கிலாந்து விசாவுக்குச் சேமிப்பைக் காட்டுகிறவர்களின் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாள் முடிந்து 31 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் தேவையான தொகைக்குக் கீழே இறங்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நகையை அடகு வைத்துப் போட்ட பணத்தில், இருபதாம் நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நாற்பதாயிரம் எடுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். விசா மறுக்கப்பட்டது. சித்தப்பா கணக்கில், மாமா கணக்கில் இருக்கும் பணமும் செல்லாது. மாணவர் கணக்கு அல்லது பெற்றோர் கணக்குதான். பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். அங்கேதான் அப்பா பெயரின் கடைசி எழுத்து வந்து நிற்கிறது.

அடுத்தது ஒரிஜினல் சான்றிதழ். கல்லூரியில் சேரும்போது வாங்கி வைத்ததைத் தரமாட்டோம், பாக்கியைக் கட்டு, அடுத்த வாரம் வா என்று மாதக்கணக்கில் அலையவிடுகிறார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது, எத்தனை பிள்ளைகளின் வாய்ப்பு இதில் போயிருக்கிறது! சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. சான்றிதழ் அடகுப் பொருள் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

வாய்மொழியாகக் கெஞ்சாதீர்கள். தேதி போட்டுக் கல்லூரி முதல்வருக்கு எழுதுங்கள்; நகலில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். பிறகு கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு மனு. மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைப்படி அந்தக் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், மேல்முறையீடு. எழுத்தில் இல்லாத புகாரை யாரும் மதிக்க மாட்டார்கள். திரும்பவும் சொல்கிறேன், எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக ஏஜென்ட். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். படிப்புக்கு அனுப்பும் ஆலோசகர்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. போர்டு மாட்டினால் ஆபீஸ். ஆகவே காவல் உங்களிடம்தான். விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலும் உங்கள் கைபேசி எண்ணும்தான் இருக்க வேண்டும். பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள். கல்விக் கட்டணம் பல்கலைக்கழகக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். அட்மிஷன் கடிதம் வந்ததும் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே எழுதி உண்மைதானா என்று கேளுங்கள். கனடாவில் 2023-இல் இந்திய மாணவர்கள் பலர் ஏஜென்ட் கொடுத்த போலிக் கடிதத்தால் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். படிக்கப் போய் ஆண்டுகள் கழித்துத்தான் கடிதம் போலி என்றே தெரிந்தது. பொய் ஆவணம் பிடிபட்டால் கனடாவில் 5 ஆண்டு, இங்கிலாந்தில் 10 ஆண்டு வரை தடை. கொடுத்தது ஏஜென்டாக இருந்தாலும் தடை உங்கள் பாஸ்போர்ட்டுக்கு. “பேங்க் பேலன்ஸ் நாங்களே காட்டிக்கொள்கிறோம் தம்பி” என்று ஒருவர் சொன்னால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் முதலில் 1915-க்கு அழையுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். பணம் வாங்கிவிட்டுச் சொன்ன சேவையைத் தராதது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்காகும். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். போலி ஆவணம் என்றால் போலீஸ் புகாரும் சேர்த்துக் கொடுங்கள். இதற்கெல்லாம் கையில் சான்று வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஏஜென்டுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளை, கோபத்தில்கூட, அழித்துவிடாதீர்கள்.