டில்லன் நகரத்துப் பிள்ளைகள்

விளையாட்டை வைத்துப் புனையப்பட்ட நாடகங்களில் மனத்தைப் பறிகொடுக்கும் அன்பர்கள், ஒரு குழு தோல்விகளைக் கடந்து வெற்றிக் கோப்பையை எட்டுவதையே கதையின் சாரமாகக் கொள்வது இயல்புதான். ஆனால், ஓர் ஊர் தன் ஆசைகள் அனைத்தையும் பதினேழு வயதுப் பிள்ளைகளின் தோள்மீது ஏற்றிவைத்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்னவாகும் என்பதை நிதானமாக விசாரிக்கும் நாடகம் அபூர்வம். அப்படிப்பட்ட ஒன்றை, 2006 அக்டோபரில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, ஐந்து சீசன்களில் 76 பகுதிகளாக வளர்ந்து 2011இல் நிறைவெய்திய ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ என்னும் தொடரை, ரசிக நண்பர்கள் அவசியம் பார்க்க வேண்டும் என்று பரிபூரண நம்பிக்கையுடன் சொல்வேன்.

மேற்கு டெக்சஸில் எண்ணெய்த் தொழிலை நம்பி வாழும் ஒடெஸ்ஸா நகரத்தில், பெர்மியன் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவினரின் 1988ஆம் ஆண்டு ஆட்டங்களைக் கூடவே இருந்து கவனித்து எச். ஜி. பிஸிங்கர் எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. பீட்டர் பெர்க் அதை 2004இல் திரைப்படமாக்கி, பின்பு இத்தொடராகத் தொலைக்காட்சிக்குக் கொணர்ந்தபோது டில்லன் என்னும் கற்பனை நகரத்தைப் படைத்தார். வெள்ளிக்கிழமை இரவு வந்துவிட்டால் டில்லன் முழுவதும் பள்ளி மைதானத்தில் திரண்டுவிடும். மற்ற நாட்களிலோ, கார் வியாபாரி முதல் உள்ளூர் வானொலிக்குத் தொலைபேசியில் பேசுபவர் வரை ஒவ்வொருவரும் பயிற்சியாளர் எரிக் டெய்லருக்கு உபதேசம் செய்தவண்ணம் இருப்பர்.

முதல் பகுதியிலேயே, ஊராரின் கண்ணின் மணியாகிய, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜேசன் ஸ்ட்ரீட் ஆட்டத்தின் நடுவே முதுகெலும்பு முறிந்து வீழ்கிறான். அவனுடைய இடத்துக்குத் தள்ளப்படும் மாற்று ஆட்டக்காரன் மாட் சாரசன், தந்தை ஈராக் யுத்தகளத்தில் இருக்க, ஞாபகம் தவறிவரும் பாட்டியைத் தனியனாகப் பராமரித்துக்கொண்டு, மாலையில் உணவுக்கடையில் வேலையும் பார்க்கும் கூச்ச சுபாவமுள்ள சிறுவன். ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்கும் மைதானத்தில் அவன் கை நடுங்குவதையும், வீடு திரும்பியதும் பாட்டியின் கலக்கத்தைத் தணிக்க அவன் மிருதுவாகப் பேசுவதையும் ஒருசேரக் காட்டிவிடுவதால், பந்து அவன் கையைவிட்டுப் பறக்கும் ஒவ்வொரு தடவையும் நமக்கு நெஞ்சு பதறுகிறது. இந்த ஆட்டத்தின் விதிகளை அறியாதவர்கள்கூட, பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டால் போதும்.

ஆஸ்டின் நகரத்தின் சுற்றுப்புறங்களில் படமாக்கிய இத்தொடரில், ஒத்திகை இல்லாமல், நடிகர் இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும் என்ற நியமமும் இல்லாமல், பல கேமராக்கள் ஏககாலத்தில் அவர்களைப் பின்தொடர்ந்தன. அதன் பயனைப் பூரணமாகக் காண்பது டெய்லர் தம்பதியின் வீட்டில்தான். அத்தம்பதியாக நடிக்கும் கைல் சாண்ட்லரும் கோனி பிரிட்டனும் சமையலறையில் நின்று குறுக்கே குறுக்கே பேசி, பிணங்கி, பேச்சை முடிக்காமலே ஒருவர் மனத்தை மற்றவர் உணர்ந்துகொள்ளும் காட்சிகளைப் போல் இல்லறத்தை உள்ளபடி காட்டிய சித்திரத்தை நான் தொலைக்காட்சியில் வேறெங்கும் கண்டதில்லை. மனைவி டாமி வெறும் நிழலல்லள். பள்ளித் தலைமைப் பொறுப்பை ஏற்றபின், மைதானத்தில் பிரம்மாண்டமான திரை அமைக்கத் திரட்டிய பணத்தைப் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்று ஊர்ப் பிரமுகர்களை எதிர்த்து நிற்பவள்.

இரண்டாவது சீசனில் கொலை ஒன்றைப் புகுத்தியது இக்கதையின் சுபாவத்துக்கே ஒவ்வாத காரியம். எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் அந்தச் சீசன் 15 பகுதிகளோடு நின்றும் போயிற்று. அதைக் கண்டு மனம் சலித்து விலகிவிடாதிருக்குமாறு அன்பர்களை வேண்டுகிறேன். மூன்றாவது சீசனில் நாடகம் தன் பழைய நிலைக்கு மீண்டுவிடுகிறது; நான்காவதில் இன்னும் உயர்கிறது.

அங்கே டெய்லர், நகரத்தின் வறிய பகுதியிலுள்ள கிழக்கு டில்லன் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார். முதல் ஆட்டத்தின் இடைவேளையில், அடிபட்டு இரத்தம் வழிய அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தபின், வெற்றியையே தொழிலாகக் கொண்ட அந்த மனிதர் ஆட்டத்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார். கோப்பைக் கதைகளில் பழகிய நமக்கு அது அதிர்ச்சிதான். எனினும், அந்தப் பிள்ளைகளை ஊரின் சொத்தாகக் கருதாமல் பிள்ளைகளாகவே பார்க்கும் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது அந்தக் கணத்தில்தான் ஐயத்துக்கிடமின்றித் துலங்குகிறது. சிறைவாசலில் நின்று மீண்ட வின்ஸ் ஹோவர்டு என்ற இளைஞனாக மைக்கேல் பி. ஜோர்டன் நடிக்கத் தொடங்குவதும் இந்தச் சீசனில்தான்; பின்னாளில் ‘க்ரீட்’ படத்தில் அவரை மெச்சியவர்கள் இதைத் தவறவிடலாகாது.

சாண்ட்லருக்கு 2011இல் எம்மி விருது கிடைத்தது. ஜேசன் கேட்டிம்ஸ் எழுதிய இறுதிப் பகுதிக்கும் அவ்வாண்டே எம்மி கிடைத்தது. அந்த இறுதிப் பகுதியில் மாநில சாம்பியன் ஆட்டம் வருகிறது. ஆனால், இத்தனை ஆண்டுகள் கணவனின் வேலைக்காகத் தன் வாழ்வை அமைத்துக்கொண்ட டாமிக்கு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு கல்லூரிப் பதவி தேடி வந்திருக்க, இம்முறை அவளுக்காக அவர் தம் குழுவைத் துறப்பாரா என்ற கேள்விதான் அங்கே பிரதானம். விடையை அத்தம்பதியின் வீட்டிலேயே கண்டுகொள்ளும்படி ரசிகர்களுக்கு விட்டுவிடுகிறேன்.