ஒட்சிசன் சென்சர் மாற்றுமுன்

தலைமன்னாரிலிருந்து பேசாலை வழியாக மன்னார் நகருக்கு வரும் காரொன்றில் எஞ்சின் உருவம் கொண்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கி, கராஜில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தவர் ‘ஒட்சிசன் சென்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்பாராயின், அவ்வாக்கை அப்படியே அங்கீகரித்துப் பணம் கொடுக்குமுன் உரிமையாளர் கேட்டறிய வேண்டிய விஷயங்கள் சில உள.

புகைக்குழாயில் செருகப்பட்ட இச்சிறு உபகரணம், தன் முனை ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியபின், வெளியேறும் வாயுவில் எஞ்சிய ஒட்சிசனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு மின்னழுத்தமாக அறிவிக்க, எஞ்சினின் கணினி அதைக்கொண்டு 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்ற பிரமாணத்தைக் காக்கிறது. அது பிழையாக அறிவித்தால் பெற்றோல் விரயமாகும், காபனோரொட்சைட்டு பெருகும், புகையின் நச்சைக் குறைப்பதும் சென்சரைவிடப் பன்மடங்கு விலையுள்ளதுமான கொன்வேட்டரும் நாளடைவில் வெந்து கெடும். 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனையில் சித்தியடையாத வாகனத்துக்கு வருமான அனுமதிப்பத்திரமும் கிடையாது.

ஆயினும் ஸ்கேனர் காட்டும் குறியீடு ஒரு முறைப்பாடேயன்றித் தீர்ப்பன்று. உப்புக்காற்று ஓயாத மன்னார்த் தீவில் வயர் இணைப்பின் முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தாலும், சென்சருக்கு முன்னுள்ள குழாய் துருவேறித் துளைவிட்டிருந்தாலும் அத்தகைய குறியீடே தோன்றக்கூடும். இணைப்பைக் கழற்றிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. அதைச் செய்யாமலே விலை சொல்பவரைச் சந்தேகிப்பது மரியாதைக் குறைவன்று. துளை விட்ட குழாயோ வேறு விதத்தில் கொடியது: நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு அதன் வழியே காருக்குள் புகுந்தால், தலைவலியும் மயக்கமும் தோன்றிய பின்னரே அறிய நேரும்.

கொன்வேட்டரை அறுத்து வெறுங்குழாய் பொருத்தினால் தொல்லை தீரும் என்போரும் உளர். அதனுள் இருக்கும் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் யார் கைக்குப் போகும் என்று அவர்களைக் கேட்பது நலம்.

2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் பழைய கார்களே நம் வீதிகளில் மிகுதி. ஆகவே கழற்றிய பாகத்தைத் துடைத்துப் புதியதென விற்க இடமுண்டு. பெட்டியைத் தம் முன்னே திறக்கச் சொல்லி, பாக இலக்கத்தை ஒப்பிட்டு, பழைய சென்சரைக் கேட்டு வாங்கிக்கொள்வதே விவேகம். துருப்பிடித்த புரியை வலிந்து திருகினால் குழாயின் புரியும் சிதையுமாதலால், அந்த நஷ்டம் யாருடையது என்பதையும் வேலைக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் கடமை. சேவையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்வதும் அவ்வாறே. உத்தரவாதத்துக்கு மாறான பொருளுக்கு மாற்றுப் பொருளோ பணமோ நஷ்டஈடோ வழங்குமாறு அதிகாரசபை பணிக்கலாம். 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாமெனினும், முறைப்பாடு எழுத்து மூலம், விற்பனையோ சேவையோ நடந்த மூன்று மாதங்களுக்குள் சேர வேண்டும். அதனோடு பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்தல் வேண்டும்.