துறக்க முடியாத நோன்பு

2025ஆம் ஆண்டு மன்னாருக்கு ஓர் அபூர்வமான வாரம் வாய்த்தது. பெப்ரவரி 26 சிவராத்திரி. மார்ச் 2 ரமழானின் தலைநோன்பு. மார்ச் 5 விபூதிப் புதன். எட்டே நாட்களுக்குள் மூன்று சமயத்தாரும் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார்கள். திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் முழுகி இரவெல்லாம் கண்விழித்தார்கள். எருக்கலம்பிட்டியில் மஃரிப் பாங்குக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். பேசாலையில் நெற்றியில் சாம்பலோடு ஒருசந்தி இருந்தார்கள்.

அன்று மாலையோ மறுநாளோ எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். பசியை வேண்டுமென்றே அடக்குவது, நேரம் வந்ததும் திரும்பப் பசியிடமே போவது: மூளையும் குடலும் கொழுப்பும் சேர்ந்து செய்யும் நுட்பமான வேலை இது. மிகச் சிலருக்கு மட்டும் திரும்பி வரும் வழி அடைபட்டுப்போகிறது. பெரும்பாலும் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளைகளும் உண்டு. எதிரே சோறு இருக்கிறது, வீட்டார் கெஞ்சுகிறார்கள், உடம்பு எலும்பும் தோலுமாகிறது, பிள்ளை மட்டும் சாப்பிடுவதில்லை. மருத்துவர்கள் இதை அனோரெக்சியா நெர்வோசா என்கிறார்கள். நாம் சுருக்கமாக உண்ணாநோய் என்போம். மனநோய்களில் அதிகம் உயிர் பறிப்பவற்றுள் இதுவும் ஒன்று.

ஏன் அவர்களுக்கு மட்டும்? திமிர், அழகு மோகம், செய்வினை என்று ஊர் பதில் சொல்லும். ஆய்வாளர்கள் வேறு இடங்களில் தேடினார்கள். அவர்கள் தேடிய இடங்களில் ஒன்று கோழிக்கூடு.

அடைகிடக்கும் கோழியைக் கவனித்திருப்பீர்கள். முட்டையைவிட்டு அபூர்வமாகத்தான் எழும்பும். அவசரமாகக் கொத்திவிட்டு ஓடிவரும். கூட்டுக்குப் பக்கத்திலேயே தீனி வைத்தால் என்ன ஆகும்? ம்ரோசோவ்ஸ்கி, ஷெரி என்ற இரு விலங்குளவியலாளர்கள் காட்டுக்கோழிகளிடம் இதைச் சோதித்தார்கள். வாய்க்கெட்டும் தூரத்தில் தீனி இருந்தும் கோழி கொஞ்சமாகவே தின்று மெலிந்தது. இன்னும் வியப்பு இதற்குப் பிறகுதான். அடைகிடக்கும் நாட்களில் சில நாள் தீனியை முழுக்கப் பறித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது கோழி அவசரமாகத் தின்றது. ஆனால் பழைய கொழுத்த எடைக்கு அல்ல, அடைகாலத்துக்கென்று உடம்பு குறித்துவைத்த குறைந்த எடைக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டது. கோழி பசியைப் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. பசி எந்த அளவில் எழ வேண்டும் என்ற கணக்கையே உடம்பு மாற்றி எழுதியிருந்தது.

1980இல் அவர்கள் இத்தகைய எடுத்துக்காட்டுகளைத் திரட்டி வெளியிட்டார்கள். ஆண் பேரரசப் பெங்குவின் முட்டையைக் காலில் தாங்கியபடி, அன்டார்டிக் குளிரில், சேர்ந்தாற்போல ஏறத்தாழ நான்கு மாதம் எதையும் உண்பதில்லை. நம் கரையிலும் இதற்கு உறவான காட்சி உண்டு. வங்காலைச் சதுப்பு நிலத்துக்கு வலசை வரும் பட்டைவால் மூக்கன் என்ற பறவை, நெடும்பயணத்துக்கு முன் கொழுப்பை ஏற்றிக்கொண்டு தன் இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்கிறது. பறக்கும்போது தின்னப்போவதில்லை, பிறகு எதற்கு அந்தச் சுமை? ஆக, உணவு இருக்கையில் உண்ணாதிருப்பது எப்போதும் கோளாறு அல்ல. உயிர்களுக்குள் அதற்கென்றே ஏற்பாடுகள் இருக்கின்றன.

மனிதருக்கு வருவோம். 1944 நவம்பரில், போருக்குப் போக மறுத்து மாற்றுச் சேவையில் இருந்த 36 இளைஞர்கள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கூடினார்கள். ஐரோப்பாவில் பட்டினியால் வாடுபவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, தாங்களே பட்டினி கிடக்க முன்வந்தவர்கள். ஆய்வை நடத்தியவர் ஆன்செல் கீஸ். உடலும் மனமும் திடமாக இருக்கின்றனவா என்று சலித்தெடுத்த ஆட்கள் அவர்கள். 24 வாரம், வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதியளவு உணவு; வாரத்துக்கு 35 கிலோமீற்றர் நடை. மன்னார் பட்டினத்திலிருந்து தலைமன்னார்வரை நடந்து, அதற்கு மேலும் சற்று நடப்பது போல. முடிவில் சராசரியாக ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடை இழந்திருந்தார்கள்.

எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். மனம் மாறிய விதம்தான் வியப்பு. அரசியலும் தத்துவமும் பேசியவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு கோப்பை உணவை மணிக்கணக்கில் அளைந்து, விநோதமாகக் கலந்து, தட்டை நக்கினார்கள். நண்பர்களைத் தவிர்த்தார்கள். சிடுசிடுத்தார்கள். அழுதார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் வயிறு வெடிக்கும் மட்டும் தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள். உண்ணாநோயாளிகளின் பிறவிக் குணம் என்றும், வளர்ப்பின் கோணல் என்றும் மருத்துவர்கள் எழுதிவைத்திருந்த பலவும் இங்கே, திடமான 36 ஆண்களிடம், வெறும் பட்டினியால் விளைந்தன. நோயின் காரணங்கள் என்று பட்டியலிட்டவற்றில் பாதி, நோயின் விளைவுகள். எத்தனை தாய்மார் காரணமில்லாமல் பழி சுமந்தார்கள் என்று நினைத்தால் மனம் கசக்கிறது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. மினசோட்டா இளைஞர்கள் சாப்பிடத் துடித்தார்கள், சோர்ந்து படுத்தார்கள். உண்ணாநோயாளிகளில் பலர் சாப்பிட மறுக்கிறார்கள், படுப்பதுமில்லை. மெலிய மெலிய நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள். இந்தப் புதிருக்கு ஒரு நுனி 1967இல் கிடைத்தது. ரூட்டன்பெர்க், குஸ்னெசோஃப் என்ற இருவர், ஓடு சக்கரம் உள்ள கூட்டில் எலிகளை விட்டு, நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் தீனி கொடுத்தார்கள். சக்கரம் இல்லாத எலிகள் அந்த ஒரு மணி நேரத் தீனியோடு சமாளித்துக்கொண்டன. சக்கரம் உள்ளவையோ நாளுக்கு நாள் கூடுதலாக ஓடின, குறைவாகத் தின்றன. தடுக்காவிட்டால் ஓடியே செத்தன. எலிக்கு ஏது அழகு மோகம்?

என்ன நடக்கிறது? 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு, உடற்கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற இயக்குநீரைக் கண்டுபிடித்தது. கையிருப்புக் கொழுப்பு எவ்வளவு என்று மூளைக்கு அறிவிப்பது அதன் வேலை. கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை அறியும். 2000இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பட்டினி எலிகளுக்கு லெப்டினை ஏற்றிப் பார்த்தார்கள். சக்கர ஓட்டம் வெகுவாகக் குறைந்தது. பஞ்சச் செய்தியை நிறுத்தியதும் கால்கள் நின்றன.

இதிலிருந்து 2003இல் உளவியலாளர் ஷான் கிசிஞ்சர் துணிச்சலான கருதுகோள் ஒன்றை முன்வைத்தார். மனிதர் பல்லாயிரம் ஆண்டு நாடோடிகளாக அலைந்தவர்கள். ஓரிடத்தில் உணவு தீர்ந்ததும் சிலருக்குப் பசி அடங்கி, சோர்வு நீங்கி, கால் பரபரத்தால் அவர்கள் கூட்டத்தை அடுத்த வளமான நிலத்துக்கு நடத்திச் செல்லலாம். அந்தப் பழைய ஏற்பாடு இன்று, சமையலறை நிறைய அரிசி இருக்கும் வீட்டிலும், எடை குறைந்ததும் தானாக விழித்துக்கொள்கிறதாம். இதை நிரூபிப்பது எளிதல்ல, மறுப்பவர்களும் உண்டு. ஆனால் ஓயாத கால்களுக்கு இவ்வளவு பொருத்தமாக விளக்கம் சொன்னவர்கள் குறைவு.

ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்விக்கு மரபணுக்கள் ஓரளவு பதில் சொல்கின்றன. ஒரே கருவில் பிறந்த இரட்டையரையும் இருகரு இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகள், நோய்க்கான சாய்வில் ஏறத்தாழ பாதி பரம்பரையாக வருவதைக் காட்டின. 2019இல் 16,992 நோயாளிகளின் மரபணுக்களை 55,525 நோயற்றவர்களுடையவற்றோடு ஒப்பிட்ட பன்னாட்டுக் குழு, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களைக் கண்டறிந்தது. அந்தத் தொடர்புகள் பதற்றத்தையும் எண்ணச் சுழற்சி நோயையும் மட்டும் தொடவில்லை. இன்சுலின், கொழுப்பு, எடை ஆகியவற்றை ஆளும் மரபணுக்களோடும் பின்னிக் கிடந்தன. மனநோய் என்று தனியாகப் பெட்டியில் போட்ட நோய் பாதி வளர்சிதைமாற்ற நோயாகவும் இருக்கிறது.

சில நாள் பட்டினி எப்படி ஆண்டுக்கணக்கில் நீள்கிறது? 2015இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயாளிகள் உணவுப் படங்களைப் பார்த்துத் தெரிவு செய்யும்போது மூளையைப் படமெடுத்தார்கள். நோயாளிகளிடம் அந்த நேரத்தில் முனைப்பாக இயங்கியது, முதுகுப்புற வரியுடலம் என்ற பகுதி. சைக்கிள் மிதிப்பது போன்ற பழக்கங்கள் வேரூன்றும் இடம் அது. வேண்டாம் என்ற முடிவு திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு, கடைசியில் யோசனைக்கே வராத பழக்கமாக இறுகிவிடுகிறது. அந்நிலையில் புத்திமதி சொல்வதால் பயனில்லை.

அப்படியானால் சமூகத்துக்குப் பங்கில்லையா? உண்டு, ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் அல்ல. 1993இல் ஹொங்கொங் மருத்துவர் சிங் லீ, தம் 70 நோயாளிகளில் 41 பேருக்குக் குண்டாகிவிடும் பயம் கொஞ்சமும் இல்லை என்று எழுதினார். வயிறு ஊதிக் கிடக்கிறது, பசிக்கவில்லை என்றே அவர்கள் சொன்னார்கள். நம் ஊரில் ஒரு பிள்ளை “பசிக்கேல்லை அம்மா” என்று மாதக்கணக்கில் சொன்னால் குடற்புழு மருந்தும் கசாயமும் தேடுவோமே தவிர, இந்த நோயை நினைப்போமா? 14ஆம் நூற்றாண்டில் சியன்னா நகரத்துப் புனித கத்தரீன் உண்ணாமைக்குச் சொன்ன காரணம் கடவுள். பிறர் வற்புறுத்த உண்டாலும் அவர் வயிறு ஏற்கவில்லை என்று அவருடைய ஆன்ம குரு எழுதிவைத்திருக்கிறார். 1380இல், 33 வயதில் அவர் இறந்தார். அவருக்கு இருந்தது இதே நோய்தான் என்று 1985இல் வரலாற்றாசிரியர் ருடோல்ஃப் பெல் வாதிட்டார். புனிதரை நோயாளி ஆக்குவதா என்று பலர் மறுத்தார்கள். என் கணிப்பில், காரணம் என்று நோயாளி சொல்வது காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறுகிறது. உள்ளே ஓடும் பொறி மாறுவதில்லை.

ஆனால் அந்தப் பொறியை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதைச் சமூகம் கூட்டவும் குறைக்கவும் முடியும். பசிபிக் தீவான ஃபிஜியில் பருத்த உடம்பே அழகு. 1995இல் நாட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்த கையோடு, ஆன் பெக்கர் என்ற மருத்துவ மானுடவியலாளர் பாடசாலை மாணவிகளிடம் உணவு மனப்பான்மை பற்றிய 26 கேள்விகளைக் கேட்டார். கவலைக்குரிய மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 வீதம். 1998இல் அது 29.2 வீதம். மூன்றே ஆண்டுகள்! கடலுக்கு இக்கரையிலும் செய்தி உண்டு. 1995இல் வெளியான சென்னை ஆய்வொன்று, 210 மருத்துவ மாணவரில் 31 பேரிடம் முழு நோயாக முற்றாத உணவுத் துயரத்தைக் கண்டது. 2002இல் ஹேமமாலி பெரேராவும் சக மருத்துவர்களும் இலங்கையில் இளம் பருவத் தொடக்கத்திலேயே உண்ணாநோய் கண்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். அப்போது கைத்தொலைபேசியில் முகத்தையும் இடுப்பையும் செதுக்கும் செயலிகள் இல்லை.

இத்தனை ஆய்வும் சிகிச்சையை எளிய ஓர் உண்மைக்குக் கொண்டுவந்திருக்கிறது: முதலில் எடை திரும்ப வேண்டும், மற்றப் பேச்செல்லாம் பிறகு. லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் உருவான முறையில், பிள்ளை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற பொறுப்பைக் கொஞ்சக் காலம் பெற்றோரே எடுத்துக்கொள்கிறார்கள். பழி சுமந்த அதே பெற்றோர்தான் இன்று முதன்மை வைத்தியர்கள்! ஆனால் மிக மெலிந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரேயடியாக ஊட்டிவிடக் கூடாது. இரத்தத்தில் பொஸ்பேற்று திடீரென்று இறங்கி இதயம் தடுமாறும். இரத்தப் பரிசோதனையோடு படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

நோன்பு முடிந்தும் தட்டைத் தள்ளிவைக்கும் பிள்ளை, சாப்பாட்டுக்குப் பிறகு நெடுநேரம் கழிவறையில் இருக்கும் பிள்ளை, மாதவிலக்கு நின்றுபோய் எடை இறங்கியும் ஓயாமல் நடக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஏசாமல், காத்திராமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926.