கோலாலம்பூர் செல்கிறீர்களா? நம் ஊர் போலத் தெரியும் நகரில் நாம் கவனிக்க வேண்டியவை

கோலாலம்பூரில் இறங்கும் தமிழ் முஸ்லிமுக்கு அந்நிய நாட்டுக்கு வந்த உணர்வு அவ்வளவாக ஏற்படுவதில்லை. ஐந்து வேளையும் பாங்கு கேட்கிறது. கடைக்காரர் தமிழில் பேசுகிறார். பரோட்டாவுக்கு அங்கே பெயர்தான் வேறு, ரொட்டி சானாய். நகரின் நடுவே நம் முன்னோரான தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தொழுத மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசல் 1863ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அந்தத் தெருவில் நின்றால் திருச்சியிலோ நாகூரிலோ நிற்பது போலவே இருக்கும். அல்ஹம்துலில்லாஹ், இது ஒரு பெரிய நிஃமத்.

ஆனால் இந்த நெருக்கமே நம்மவர்களில் பலரை அசட்டையாக ஆக்கிவிடுகிறது. லண்டனுக்கோ துபாய்க்கோ பிள்ளையை அனுப்பும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கும் குடும்பம், மலேசியா என்றால் "அங்கே மாமா கடை இருக்கிறது, மச்சான் இருக்கிறான், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அனுப்பிவிடுகிறது. அந்த நாட்டின் சட்டமோ நம் மொழியையும் மார்க்கத்தையும் உறவையும் பார்ப்பதில்லை, கையில் இருக்கும் தாளைத்தான் பார்க்கிறது. எனவே சுற்றுலா செல்வோரும் பிழைப்புக்காகச் செல்வோரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். இவை இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கானவை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பயணத்துக்கு முன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விசா விலக்கு வேலை அனுமதி அல்ல

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குச் சென்று 30 நாள்கள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். மலேசியாவை அடைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசின் தளம் அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம், செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் குடியேற்ற அதிகாரி கேட்கலாம். பதில் சரியாக இல்லையென்றால் உள்ளே விடாமல் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய முகவரியையும் கைப்பேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் நேரத்தில் கைப்பேசியில் இணையம் கிடைக்காமல் போகலாம்.

இந்த 30 நாள் அனுமதி சுற்றிப் பார்க்கவும் உறவினரைச் சந்திக்கவும் மட்டுமே. ஒரு நாள் கூட வேலை பார்க்க அது இடம் தராது. "விசிட்டில் வா, வந்த பிறகு பெர்மிட் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் சொந்த மாமாவாகவே இருந்தாலும், அதை ஏற்காதீர்கள். அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால் மலேசியக் குடியேற்றச் சட்டப்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். அப்படி மாட்டிக்கொண்டவர் சம்பளம் தராத முதலாளி மீது புகார் சொல்லக்கூட அஞ்சுவார். நோய் வந்தால் அரசு மருத்துவமனைக்குப் போகவும் அஞ்சுவார். வாப்பாவின் ஜனாஸாவுக்கு ஊர் திரும்ப முடியாமல் தவிப்பவர்களின் கதைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஒரு தவறுதான் இருக்கிறது.

ஏஜெண்டிடம் பணம் கொடுக்கும் முன்

வேலைக்குச் செல்வோர் தங்கள் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்கும். அவர்கள் மலேசியாவுக்கு வேலைக்குச் செல்ல இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். ஏஜெண்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுக்கும் குடும்பங்கள் இந்த ஒரு எண்ணையாவது நினைவில் வையுங்கள். எவ்வளவு கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைக்கும்படி மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. உறவுக்காரர் என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம்.

இந்த வழியில் முறைப்படி செல்வோருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் உண்டு. விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதற்கான பிரீமியம் சில நூறு ரூபாய்தான்.

பெட்டியில் எதைக் கொண்டு போகிறோம்?

"நம் பையனுக்கு ஒரு சின்னப் பொட்டலம், ஏர்போர்ட்டில் வந்து வாங்கிக்கொள்வான்" என்று கடைசி நேரத்தில் யாராவது கேட்டால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பிரிக்க விடவில்லையென்றால் மறுத்துவிடுங்கள். 200 கிராம் கஞ்சாவோ 15 கிராம் ஹெராயினோ கைவசம் இருந்தால் அது கடத்தலுக்காகவே என்று மலேசியச் சட்டம் அனுமானிக்கிறது. 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டாலும், மரண தண்டனை விதிக்க நீதிபதிக்கு இன்றும் அதிகாரம் உண்டு. "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிக்கும் சுமை பெட்டியைச் சுமந்தவர் மேல்தான் விழும். பொட்டலத்தை மறுத்தால் வரும் மனத்தாங்கலைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

இறைச்சி, செடி, விதை, பழம் போன்றவற்றுக்கு முன்அனுமதி வேண்டும் என்பதால் உப்புக்கண்டத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அன்றாட மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். 10,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டிய ரொக்கத்தைச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அங்குள்ள மின்துளைகள் தட்டையான மூன்று முனை கொண்டவை. நம் ஊர் சார்ஜர் பொருந்தாது, ஒரு அடாப்டர் தேவை.

நகருக்குள்

விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரலை அடையும். ஆனால் கட்டணம் அதிகம். குடும்பத்துடன் செல்வோர் நால்வருக்கு ஆகும் ரயில் கட்டணத்தை கிராப் செயலியில் காட்டும் கார் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கார் மலிவாக இருக்கும். தனியாகச் செல்பவருக்கு பஸ் போதும். உங்கள் முனையம் முதலாவதா இரண்டாவதா என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் வெவ்வேறு கட்டடங்கள்.

நகருக்குள் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டச் அண்ட் கோ அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகரின் ரேபிட் பஸ்களில் ரொக்கம் வாங்குவதில்லை. கே.டி.எம். கொமூட்டர் ரயிலில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. ஆண்கள் அதில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது கைப்பையைச் சாலைப் பக்கம் மாட்டாமல் கடைப் பக்கம் மாட்டுங்கள், மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துச் செல்வது நடக்கிறது. விடுதியில் வெளிநாட்டவரிடம் அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். அது அரசின் வரிதான், ஏமாற்று அல்ல.

தொழுகை

மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. ஆனால் சூரியன் தாமதமாகவே உதிக்கும். ஸுப்ஹு ஏறத்தாழ காலை ஆறு மணி, லுஹர் ஒன்றேகால், மஃரிப் ஏழேகால் என்று வைத்துக்கொள்ளலாம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பெரிய மாற்றம் இல்லை. கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே.

இரவு விமானத்தில் செல்வோர் ஒன்றைக் கவனியுங்கள். விமானம் தரையிறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் ஸுப்ஹு நேரம் முடிந்துவிடலாம். உளூவுடன் இருந்து, நேரம் வந்ததும் விமானத்திலேயே தொழுதுவிடுவது நல்லது. விமான நிலையத்திலும் பேரங்காடிகளிலும் தொழுமிடம் உண்டு. 'சுராவ்' என்ற பலகையைத் தேடுங்கள்.

கஸ்ர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஷாஃபி மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் முழுதாகத் தங்க எண்ணினால், அங்கே சென்றதும் முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்த எல்லை பதினைந்து நாள்கள். மலேசியாவில் ஷாஃபி மத்ஹபே நடைமுறையில் உள்ளது. அதனால் ஸுப்ஹில் குனூத் ஓதுவதையும், அஸர் பாங்கு முன்னதாகக் கேட்பதையும் கண்டு ஹனஃபி சகோதரர்கள் குழம்ப வேண்டாம். மஸ்ஜித் இந்தியா பள்ளியில் ஜும்ஆவைத் தமிழில் கேட்கலாம். சற்று நடந்தால், இரு ஆறுகள் கூடுமிடத்தில், 1909இல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமிக் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

உணவு

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு என்பதால் எல்லாக் கடையும் ஹலால் என்று எண்ணிவிடக் கூடாது. அரசின் ஜாகிம் அமைப்பு தரும் ஹலால் முத்திரையைப் பாருங்கள். 'நோ போர்க், நோ லார்ட்' என்ற பலகை பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. கோழி எப்படி அறுக்கப்பட்டது, சமையலில் மது சேர்கிறதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. முத்திரை இல்லாத முஸ்லிம் கடைகளும் ஏராளம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். 'குராங் மானிஸ்' என்றால் இனிப்புக் குறைவாக, 'தே ஓ கொசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். சொல்லாவிட்டால் இனிப்பு தூக்கலாகவே வரும். தமிழ் முஸ்லிம்களின் உணவகங்களை 'மாமாக் கடை' என்பது அங்கே வழக்கம்தான். ஆனால் அந்தச் சொல்லால் ஒருவரை நேரில் அழைத்தால் சிலருக்கு மனம் கோணும். 'அண்ணே' என்று அழைத்தால் யாருக்கும் வருத்தமில்லை.

முஸ்லிம்களுக்கென்று உள்ள சட்டம்

நம்மவர்களில் அதிகம் பேர் அறியாத பகுதி இது. கோலாலம்பூரில் 1997ஆம் ஆண்டு ஷரீஅத் குற்றச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ரமளான் பகலில் முஸ்லிம் ஒருவர் பொது இடத்தில் உண்பது அதன்படி குற்றம். பயணிக்கு நோன்பை விடச் சலுகை உண்டென்றாலும், உணவை அறைக்குள் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. மஹ்ரம் அல்லாத ஆணும் பெண்ணும் தனித்திருப்பதும் குற்றம்.

ஆலிம்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. 'தௌலியா' என்ற அனுமதி இல்லாமல் மார்க்கம் போதிப்பது அங்கே தண்டனைக்குரியது. பயானுக்கு அழைப்பவர்கள் அந்த அனுமதியைப் பெற்றிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மதரஸாவுக்கும் பள்ளிவாசலுக்கும் வசூலுக்குச் செல்வோருக்கும் இதுவே பொருந்தும். தெருவிலும் வீடு வீடாகவும் நன்கொடை திரட்ட அனுமதி வேண்டும். நல்ல நோக்கம் என்பது அனுமதிக்கு ஈடாகாது.

இனம், மதம், அரச குடும்பம் ஆகியவை பற்றி முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ கருத்துச் சொல்வதைத் தவிருங்கள். விருந்தினராகச் சென்ற வீட்டின் குடும்ப விவகாரத்தில் நாம் தலையிடுவதில்லை அல்லவா?

தங்கி வேலை செய்வோருக்கு

பெர்மிட் எந்த முதலாளியின் பெயரில் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே வேலை செய்யலாம். பக்கத்துக் கடையில் இரவு வேலை பார்த்தாலும் அது மீறல். உரிய அதிகாரமின்றிப் பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது அந்நாட்டின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பாதுகாப்புக்காக என்று முதலாளி சொன்னாலும் உங்கள் பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும். பாஸ்போர்ட், பெர்மிட், ஒப்பந்தம் ஆகியவற்றின் படங்களை வீட்டாருக்கு அனுப்பி வையுங்கள்.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட். வீட்டு வேலை செய்வோர் இதில் சேரமாட்டார்கள். பெர்க்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் பணி விபத்துக் காப்பீடு 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. உங்கள் பெயர் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலாளியிடம் கேளுங்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வங்கியையோ உரிமம் பெற்ற நிறுவனத்தையோ நாடி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வந்தால்

போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் 999. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார் அளித்து அதன் நகலுடன் மோன்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குச் செல்ல வேண்டும். ஊரில் இருக்கும் குடும்பத்தார் சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறையை அணுகலாம். முறையான தாளோடு சென்றவருக்கு உதவுவது எல்லாருக்கும் எளிது.

அங்கே உறவினர் இருப்பது நல்லதுதான். ஆனால் பிள்ளையை அனுப்பும் முன் அவர்களிடம் "எங்கே தங்குவான்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எந்த அனுமதியில் வேலை செய்வான்?" என்றும் கேளுங்கள். அந்தத் தாளை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பயணம் சொல்லி அனுப்புங்கள். முயற்சியைச் செய்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதுதான் தவக்குல். நம் பிள்ளைகளின் பயணங்களை ஹலாலான ரிஸ்க்கும் ஸலாமத்தும் உள்ளவையாக வல்ல அல்லாஹ் ஆக்குவானாக, ஆமீன்.