பதக்கமா, பக்கத்துப் படகா?

1988, செப்டம்பர் 24. சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டி, புசான் கடல்ல. காத்து பேயாட்டம் ஆட, கனடா வீரர் லாரன்ஸ் லெமியூ ரெண்டாவது இடத்துல பறந்துக்கிட்டிருந்தார். வேற போட்டியில இருந்த சிங்கப்பூர்க்காரங்க ரெண்டு பேரோட படகு கவிழ்ந்து, காயத்தோட தத்தளிக்கிறது அவர் கண்ணுல பட்டுச்சு. மனுஷன் படகைத் திருப்பிட்டார்! ரெண்டு பேரையும் காப்பாத்தி, மீட்புப் படகுல ஒப்படைச்ச பிறகுதான் ரேஸைத் தொடர்ந்தார். அந்த ரேஸ்ல பின்தங்கிட்டார். ஆனா, விளையாட்டுல பெருந்தன்மைக்கான குபெர்டின் பதக்கம் தேடி வந்துச்சு.

அட, இந்த மாதிரி ஆளுங்க நம்ம தூத்துக்குடியில தெருவுக்குத் தெரு இருக்காங்க பாஸ்!

2023, டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை. இந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுற மழையைவிட அதிகம்! தாமிரபரணி கரை தாண்ட, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் மாட்டிக்கிட்டாங்க. தெருவெல்லாம் ஆறு. அப்பதான் மீனவர்களோட படகுகள் ஊருக்குள்ள வந்துச்சு. முதியவர்கள், குழந்தைகள்னு ஏத்திக்கிட்டு மேட்டுப் பகுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க.

கேட்க ஈஸியா இருக்கா? கடல்ல அலை எங்கே உடையும்னு அவங்களுக்குத் தெரியும். தெருவெள்ளத்துல தண்ணிக்கு அடியில காம்பவுண்ட் சுவரா, பைக்கா, கம்பியான்னு யாருக்குத் தெரியும்? இன்ஜின் விசிறி ஒரு தடவை தட்டினாலும் பல ஆயிரம் செலவு. படகுதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு. அதைத்தான் பணயம் வெச்சாங்க. 2018 கேரள வெள்ளத்துலயும் இதே கதைதான். அங்கேயும் ஆயிரக்கணக்கானவங்களைக் கரை சேர்த்தது மீனவர்கள்தான்.

இந்தக் கடற்கரைக்கு இது புதுசில்லை. இங்கே கடைசியா அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. மூச்சடக்கி மூழ்குறவரோட உயிர், மேலே தோணியில கயிறு பிடிக்கிறவர் கையிலதான். அதனாலதான் மச்சானைக் கயிறு பிடிக்கச் சொல்வாங்களாம். தங்கச்சி தாலி ஆச்சே, கயிற்றை விடுவானா?

அந்த டிசம்பர்ல மச்சான் முறை பார்த்தா கயிறு பிடிச்சாங்க? முன்னப்பின்ன தெரியாதவங்களுக்காகத்தானே படகை இறக்கினாங்க!

நமக்குப் படகு ஓட்டத் தெரியாது, ஓகே. நீச்சல் கத்துக்கலாம். என்.எஸ்.எஸ்.ல முதலுதவிப் பயிற்சி இருந்தா, அட்டெண்டன்ஸுக்காக இல்லாம நிஜமாவே கத்துக்கலாம். அடுத்த மழை சொல்லிட்டா வரப்போகுது?

கயிற்றோட மறுமுனை காலியாத்தான் இருக்கு... பிடிக்க நீங்க ரெடியா?