கோல் பிடித்த பம்பாய்ப் பிள்ளை

கூரத்துப் பெருமாள் வீதியுலா எழுந்தருளும்போது நாதஸ்வரமும் தவிலும் முழங்குகின்றன. வித்வான்களுக்கு எதிரே நின்று கோலசைத்துக் காட்டுவார் அங்கே எவருமில்லை. ஒத்தும் தாளமுமே போதும். மேனாட்டு வாத்திய கோஷ்டியிலோ ஏறக்குறைய நூறு பேர் அமர்ந்து, எதிரே எழுதிவைத்த ஸ்வரங்களைப் பார்த்து வாசிக்கிறார்கள். அத்தனை பேரையும் ஒரே மூச்சாக இயங்கச் செய்பவர், தாம் ஒரு ஸ்வரமும் வாசிக்காத ஒருவர்! அக்கலையில் உலகப் புகழெய்திய இந்தியர் ஜுபின் மேத்தா.

1936-இல் பம்பாயில் ஒரு பார்ஸி குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை மேலி மேத்தா பிடில் வித்வான். பம்பாய் ஸிம்பனி கோஷ்டியை ஸ்தாபித்தவர். ஆயினும் பிள்ளை வைத்தியராக வேண்டுமென்பதே வீட்டாரின் எண்ணம். பிள்ளையும் கலாசாலையில் அதற்குரிய பாடங்களைப் படித்தார்; மனம் மட்டும் அதில் படியவில்லை. 1954-இல், பதினெட்டாம் பிராயத்தில், வியன்னாவுக்குப் புறப்பட்டார். அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்னும் ஆசிரியரிடம் பயின்றார். கோல் பிடிக்கச் சென்றவர், டபிள் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தையும் வாசித்தார். பாடகர் கூட்டத்தில் ஒருவராக நின்று பாடவும் செய்தார். பிறரை நடத்துமுன் பிறருக்கு அடங்கி நிற்கக் கற்றுக்கொண்டார்.

1958-இல் லிவர்பூல் போட்டியில் முதற்பரிசு கிடைத்தது. 1962-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டிக்கும், 1978 முதல் 1991 வரை நியூயார்க் பில்ஹார்மானிக் கோஷ்டிக்கும் தலைமை வகித்தார். வசனத்துக்குப் பதில் பாட்டாலேயே நடக்கும் ஓபரா நாடகங்களிலும் வல்லவரான அவர், 1998 முதல் 2006 வரை ம்யூனிக் நகரின் பவேரிய அரசாங்க ஓபராவை நடத்தினார். இஸ்ரேல் பில்ஹார்மானிக் கோஷ்டியிடமிருந்து 2019-இல்தான் விடைபெற்றார்.

1981-இல் ரவிசங்கரின் 'ராகமாலா' என்னும் ஸிதார் கிருதி நியூயார்க்கில் முதன்முறை அரங்கேறியபோது கோஷ்டியை நடத்தியவர் இவரே. 1994-இல், யுத்தத்தின் நடுவே, குண்டுகளால் எரிந்துபோன ஸரயேவோ நூல்நிலையத்தின் இடிபாட்டில் நின்று, மோஸார்ட் இயற்றிய இரங்கல் இசையை நிகழ்த்தினார். அழிந்த நகரத்துக்கு அவர் கொண்டு சென்றது ஒரு கோல் மட்டுமே.

இத்தனை தேசங்களில் பணிபுரிந்தும் இந்தியக் குடியுரிமையை அவர் துறக்கவில்லை. பாரத அரசாங்கம் 2001-இல் பத்மவிபூஷண் அளித்துக் கௌரவித்தது.

பரீட்சை முடிந்ததும் பெற்றோர் பலர் நம்மிடம் வந்து, "வைத்தியமா, இன்ஜினீயரிங்கா?" என்று மட்டுமே கேட்கிறார்கள். பிள்ளையை யாரும் கேட்பதில்லை. பம்பாயில் அந்தப் பிள்ளையைத் தடுத்து நிறுத்தியிருந்தால், தேசத்துக்கு ஒரு வைத்தியர் கூடியிருப்பார். ஆனால், ஸரயேவோவின் இடிபாட்டில் அன்று அந்தக் கோலை யார் உயர்த்தியிருப்பார்?